ஆளுயரத் திரை

மார்ச் 4

கொழுந்தனாருக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் முழுசாகப் படிக்கவும். போனில் கூப்பிட்டிருக்கலாம்தான். ஆனால் உங்கள் குரலும் அவர் குரலும் ஒன்று. நீங்கள் 'ஹலோ' என்று சொன்னால் அதற்கப்புறம் நான் புரொஜெக்டரைப் பற்றியா பேசுவேன்? ஐந்து வருஷம் வாயைத் திறக்காதவள் இப்போது காரியம் ஆக வேண்டும் என்று எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். காரியத்துக்காகத்தான் எழுதுகிறேன்.

வீட்டில் படம் போட்டுப் பார்க்க ஒரு புரொஜெக்டரும் திரையும் வேண்டும். நீங்கள் தியேட்டரில் மெஷின் பார்க்கிறவர். எனக்குத் தெரிந்த ஒரே மெஷின் தையல் மெஷின். கடைக்குப் போய்ப் பார்த்தேன். "ஹோம் தியேட்டரா மேடம்? நூத்தியிருபது இஞ்ச் எடுத்துக்குங்க, அப்புறம் சினிமாவுக்கே போக மாட்டீங்க" என்று கடைக்காரர் அளந்தார். பெட்டிக்குப் பெட்டி ஒன்பதாயிரம் லூமென், பத்தாயிரம் லூமென் என்று போட்டிருக்கிறது. அது அதிகமா, கம்மியா என்றே எனக்குப் புரியவில்லை.

துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷின் வாங்க ஒதுக்கி வைத்த பணம்தான் என் பட்ஜெட். அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது. முன்னறை பதினோரு அடிக்குப் பத்தடி. அதற்கு உள்ளே தையல் அறை. ஒரே ஒரு நிபந்தனை: திரையின் கீழ் விளிம்பு தரையைத் தொட வேண்டும். இதைச் சொன்னதும் கடைக்காரர் சிரித்தார். நீங்கள் சிரிக்க வேண்டாம்.

உங்கள் அண்ணன் மனைவி

மார்ச் 11

அண்ணி,

கிழிக்கவில்லை. நாலு தடவை படித்தேன். சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்து மெஷின் ரூமுக்குக் கொண்டுபோய் அங்கேயும் ஒரு தடவை படித்தேன்.

முதலில் கடைக்காரர் சொன்னதை மறந்துவிடுங்கள். பெட்டியில் லூமென் என்று போட்டிருக்கும் வெளிச்சக் கணக்கு வாய்க்கு வந்த கணக்கு. 'ஆன்சி' என்று ஒரு அளவு தனியாக, சின்ன எழுத்தில் இருக்கும். அதில் ஐநூறு இருந்தாலே உங்கள் அறைக்குப் போதும். அந்த எண்ணையே போடாத பெட்டியைத் தொடாதீர்கள். வெளிச்சத்தைக் காசு கொடுத்து வாங்குவதைவிட இருட்டை வாங்குவது சுலபம். கனமான கறுப்புத் துணியில் ஜன்னலுக்குத் திரை தைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தைக்கிற கை வீட்டிலேயே இருக்கிறதே.

தரை விஷயம்தான் விளங்கவில்லை. உட்கார்ந்து பார்க்கிறவர் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும் என்று எல்லோரும் தரையிலிருந்து இரண்டடி, மூன்றடி தள்ளித்தான் திரையை மாட்டுவார்கள். இருபது வருஷ சர்வீஸில் தரையைத் தொடும் திரை கேட்ட முதல் ஆள் நீங்கள். ஏன் என்று தெரிந்தால் சரியான வழி சொல்வேன். சொல்லப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

இந்த முகத்தோடு உங்கள் முன்னால் வந்து நிற்கக்கூடாது என்றீர்கள். நிற்கவில்லை. கடிதத்துக்கு முகம் இல்லை என்ற தைரியத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதிவிட்டேன். குட்டிக்கு ஆறு வயது முடிந்திருக்கும், இல்லையா?

பின்னது

(பதினோரு நிமிஷம் பிந்திப் பிறந்த பாவத்துக்கு வீட்டில் எனக்கு இந்தப் பெயர். அவன் 'முன்னது'. அவன் உங்களிடம் சொல்லியிருப்பான்.)

மார்ச் 17

கொழுந்தனாருக்கு,

சொல்லியிருக்கிறார். சொல்லாதது என்ன இருக்கிறது? 'பின்னது சாப்பிட்டிருக்குமா, பின்னதுக்குக் காய்ச்சலா' என்று உங்களைப் பற்றியேதான் பேச்சு. நீங்கள்தான் கடைசிக் காரியத்துக்குக்கூட வரவில்லை.

ஏன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். போன மாதம் பள்ளியில் 'என் குடும்பம்' வரையச் சொன்னார்கள். குட்டி என்னை வரைந்திருக்கிறாள். கை, கால், கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப் வரைக்கும் போட்டிருக்கிறாள். அப்பாவுக்கு மட்டும் தலையும் தோளும். அதற்குக் கீழே ஒன்றுமில்லை. சுவரில் இருப்பது பாஸ்போர்ட் போட்டோவைப் பெரிதாக்கிய படம். அவளுக்குத் தெரிந்த அப்பா அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த குழந்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயய்யோ, உங்கப்பாவுக்குக் காலே இல்ல. பேய்க்குத்தான் கால் இருக்காது" என்று சொல்லிவிட்டது.

அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து, "அம்மா, அப்பாவுக்குக் கால் இருந்துச்சா?" என்றாள்.

"இருந்துச்சுடி."

"அப்போ எவ்ளோ உயரம்? கதவு அளவா, ஃபேன் அளவா?"

நோட்டை எடுத்துப் புரட்டினேன். என் அளவு நோட்டில் அவர் தோள் பதினெட்டு, மார்பு நாற்பது, கை இருபத்திநாலு என்று எல்லாம் இருக்கிறது. உயரம் இல்லை. சட்டை தைக்கிறவளுக்கு ஆளின் உயரம் எதற்கு? என் காதுக்கு மேலே, நிலைப்படிக்குக் கீழே என்று கையைத் தூக்கிக் காட்டினேன். மறுபடி கேட்டபோது கை வேறு உயரத்தில் நின்றது. அதைப் பார்த்துவிட்டாள்.

அன்றிலிருந்து முன்னறைக்குத் தனியாகப் போக மாட்டேன் என்கிறாள். பட்டப்பகலில்கூட என் புடவையைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறாள். ஒரு நாள் பார்த்தால் போட்டோ மேல் கைக்குட்டையைப் போட்டு மூடியிருக்கிறாள். பெற்ற அப்பாவைப் பார்த்து என் பிள்ளை பயப்படுகிறாள், கேட்டீர்களா? அவர் தரையில் கால் ஊன்றி, முழு உயரத்துக்கு நிற்பதை அவள் பார்க்க வேண்டும். அதற்குத்தான் தரையைத் தொடும் திரை.

என் போனில் இருக்கும் வீடியோக்களில் அவர் இல்லவே இல்லை. எல்லாவற்றையும் எடுத்தது அவர்தானே. சிரிப்புச் சத்தம் கேட்கிறது, ஒரு கை வருகிறது, அவ்வளவுதான். குட்டி பிறப்பதற்கு முன்னால் நீங்கள் புது கேமரா வாங்கி அவரை உங்கள் தியேட்டரில் நிறுத்தி, தலையிலிருந்து கால்வரை எடுத்துப் பார்த்ததாகச் சொன்னார். அது உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் கொடுங்கள். எனக்காக வேண்டாம். அவளுக்காக.

உங்கள் அண்ணி

மார்ச் 26

அண்ணி,

பதில் எழுத ஒன்பது நாள் ஆகிவிட்டது. திட்டுங்கள்.

கடைசிக் காரியத்துக்கு வந்திருந்தேன். எதிர்ச்சாரியில், மருந்துக்கடை ஓரம், ஹெல்மெட்டைக் கழற்றாமல் மூன்று மணி நேரம் நின்றேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் என்ன நடந்தது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டாக்டர் வெளியே வந்து கையை விரித்த அதே நிமிஷம் நான் அந்தப் பக்கத்திலிருந்து வந்தேன். "வந்துட்டீங்களா" என்று ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தீர்கள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தீர்கள். நீங்கள் அதற்கப்புறம் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அன்றைக்கே தாடி வளர்க்க ஆரம்பித்தேன். அறையில் கண்ணாடியும் இல்லை. தலை வாரும்போது சுவரைப் பார்த்துத்தான் வாருகிறேன். கோணல் வகிடு என்று ஆபரேட்டர்கள் கிண்டல் செய்கிறார்கள்.

இப்போது வேலை. முன்னறைச் சுவரில் ஆளை முழு உயரத்தில் நிறுத்த வேண்டுமானால் படம் பத்தடிக்கு மேல் அகலம் வரும். உங்கள் பணத்துக்கு வாங்கும் மெஷினில் அது வெளிறிப்போய்விடும். இன்னொன்றும் இருக்கிறது. குட்டி ஆசையாகக் கிட்டே போனால் அவள் நிழலே அவன் மேல் விழுந்து அவனை மறைத்துவிடும். அது வேண்டாம்.

முன்னறைக்கும் தையல் அறைக்கும் நடுவில் கதவு இருக்கிறதல்லவா? கதவைக் கழற்றிவிட்டு நிலையில் மேலிருந்து கீழ்வரை துணியை இழுத்துக் கட்டுங்கள். மெஷினைத் தையல் அறையில், துணிக்குப் பின்னால் ஏழெட்டடி தள்ளி, பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும். படம் நெட்டுக்குத்தாக விழும். பின்னாலிருந்து வரும் வெளிச்சம் என்பதால் அவள் தொட்டாலும் நிழல் விழாது. பல்பு வைத்த மெஷினைப் படுக்க வைத்தால் சூடேறிக் கெட்டுப்போகும், எல்.இ.டி. மெஷின்தான் வாங்க வேண்டும். ஒரு கதவளவு படத்துக்கு உங்கள் பணம் தாராளம்.

நிலையில் தரையிலிருந்து ஐந்தடி ஒன்பது அங்குலத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். அதுதான் அவன் உயரம். எனக்குத் தெரியாதா?

அந்த வீடியோ இருக்கிறது. தேடி அனுப்புகிறேன்.

பின்னது

ஏப்ரல் 6

தம்பிக்கு,

மருந்துக்கடை ஓரத்தில் ஹெல்மெட்டோடு ஒரு ஆள் நின்றதை நான் பார்த்தேன். யாரோ மருந்து வாங்க வந்தவர் என்று நினைத்தேன். இத்தனை வருஷமாக உங்களைக் கரித்துக்கொட்டியிருக்கிறேன். இனி என்ன செய்ய?

மெஷின் வாங்கியாகிவிட்டது. நீங்கள் சொன்ன ஆன்சியைக் கேட்டதும் கடைக்காரர் முகம் செத்துப்போய்விட்டது. "மேடம் விவரமானவங்க" என்று உள்ளே இருந்து வேறு பெட்டி எடுத்துவந்தார். பழைய மாடல், ஐநூற்றைம்பது. ஓவர்லாக் மெஷின் பணத்தில் கொஞ்சம் மிச்சமே இருக்கிறது.

துணிதான் உயிரை வாங்குகிறது. முதலில் வெள்ளை லைனிங் கட்டினேன். மெஷின் விளக்கே துணி வழியாகத் தெரிந்து, நெஞ்சுக்கு நேராக எரிகிற குண்டு மாதிரி கண்ணைக் கூசியது. பாப்ளின் போட்டேன், எல்லாம் மங்கிவிட்டது. இரண்டு லைனிங்கைச் சேர்த்துத் தைத்தால் நடுத் தையல் முதுகெலும்பு மாதிரி தெரிகிறது. என்ன செய்யட்டும்?

மெஷினின் சோதனைப் பக்கத்தைப் போட்டதும் எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பி வந்தது. அரை மணி நேரம் மெனுவில் தடவி 'பின்பக்கத் திரை' என்று ஒன்றைக் கண்டுபிடித்து அழுத்தினேன். நேராகிவிட்டது. எனக்கே பெருமையாக இருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். மத்தியானம் இரண்டு மணிக்கு, ஜன்னலை மூடிவிட்டு, படம் எதுவும் போடாமல் வெறும் வெளிச்சத்தை மட்டும் விட்டேன். கதவில் ஆளுயரத்துக்கு வெள்ளையாக நின்றது. குட்டி என் மடியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யாரும்மா வரப்போறாங்க?" என்றாள். ஓடிப்போய் மெஷினை அணைத்தேன்.

வீடியோ எப்போது வரும்?

அண்ணி

ஏப்ரல் 12

அண்ணி,

துணி வேண்டாம். குளியலறையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை இருக்கிறதே, பளபளப்பு இல்லாமல், பால் நிறத்தில் ஒன்று விற்கும். அதை நாலு பக்கமும் இழுத்துக் கட்டுங்கள். விளக்குக் குண்டு தெரியாது. பெரிய அரங்குகளில் வாங்கும் பின்பக்கத் திரைக்கு இது ஏழை வீட்டுச் சொந்தக்காரன்.

இத்துடன் பென்டிரைவ். முதலில் எழுத்து மட்டும் உள்ள பக்கம் வரும். அது நேராக வாசிக்க வந்தால் படமும் நேர். அடுத்தது அவன். முப்பத்தெட்டு விநாடி. சத்தம் கிடையாது. சும்மா நிற்கிறான், ஒரு தடவை கையை உயர்த்துகிறான், மறுபடி நிற்கிறான். அவ்வளவுதான். அதிகமாக எதிர்பார்க்காதீர்கள்.

முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிட்டுக் குட்டிக்குக் காட்டினால் நல்லது. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

பின்னது

ஏப்ரல் 20

தம்பி,

தனியாகப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு இரண்டு பேருமாக உட்கார்ந்தோம். எழுத்துப் பக்கம் நேராக வந்தது. அப்புறம் வந்து நின்றார்.

கால் இருந்தது. வெறுங்கால். தரையில் பதிந்து நின்றது. தலை சாக்பீஸ் கோட்டில் போய் இடித்தது. குட்டி முதலில் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். இரண்டாம் தடவை போட்டபோது எட்டிப் பார்த்தாள். மூன்றாம் தடவை எழுந்துபோய் அந்தக் காலைத் தொட்டாள். அங்கேயே, அவருக்கு இடப்பக்கம், ஒட்டி நின்றுகொண்டாள். அவர் இடுப்புவரை வந்தாள்.

நான் அழவில்லை. ஏனென்றால் வந்து நின்றது அவர் இல்லை என்று முதல் தடவையே எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த நீலக்கோடு போட்ட சட்டை நான் தைத்தது. அவருக்கு இடக்கைப் பழக்கம். இடக்கையால் பேனா எடுக்க வசதியாக அவர் சட்டைக்கு மட்டும் பாக்கெட்டை வலது மார்பில் வைப்பேன். ஊரில் யாருக்கும் அப்படித் தைத்ததில்லை. படத்தில் பாக்கெட் இடது மார்பில் இருந்தது. மெஷினைத்தான் தப்பாக வைத்துவிட்டேனோ என்று எழுத்துப் பக்கத்தை மறுபடி போட்டேன். எழுத்து நேராகத்தான் இருந்தது. அப்படியென்றால் படத்தைத் திருப்பிப் போட்டவர் நீங்கள். வகிடும் கையும் மாறியது, சட்டையும் கூடவே மாறிவிட்டது. அவர் உங்களிடம் விட்டுப்போன சட்டையைப் போட்டுக்கொண்டு, தாடியை எடுத்துவிட்டு, நீங்களே நின்றிருக்கிறீர்கள்.

ஆத்திரம் வந்தது. நிஜமாகவே வந்தது. பிள்ளை அங்கே சந்தோஷமாக நின்றுகொண்டிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஆனால் தம்பி, இதற்கு மட்டும் உண்மையான பதில் வேண்டும். குட்டி பக்கத்தில் நின்ற அந்த மூன்றாம் தடவை, படம் முடிகிற இடத்தில் முடியவில்லை. ஒரு இமை கொட்டுகிற நேரம் இருட்டாகி, மறுபடி வந்தது. நாலு விநாடி இருக்கும். அவர் தலையைக் குனிந்து இடப்பக்கம் பார்த்தார். அவளைத்தான் பார்த்தார். சிரித்தார். அந்த நாலு விநாடியும் பாக்கெட் வலது மார்பில் இருந்தது.

அது நீங்கள் எடுத்ததா? அப்படி எடுத்திருந்தால் சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அண்ணி

ஏப்ரல் 25

அண்ணி,

காலில் விழுந்து கேட்கிறேன், மன்னித்துவிடுங்கள். அவனை நான் எடுத்தது உண்மை. ஆனால் அந்தக் கேமரா மெமரி கார்டை எடுத்துப் பார்த்தபோது அதில் அவன் இல்லை. அவன் நம்மை விட்டுப் போன வருஷம், மெஷின் பழுதைப் படம் எடுக்கிறேன் என்று அதற்கு மேலேயே வேறு எதையோ எடுத்துத் தொலைத்திருக்கிறேன். ஒன்பது நாள் தலையில் அடித்துக்கொண்டேன். இல்லை என்று எழுதக் கை வரவில்லை. காலைக் காட்சிக்கும் மதியக் காட்சிக்கும் நடுவில், காலித் தியேட்டரில், நானே நின்று எடுத்தேன். அவன் இடக்கைக்காரன், நான் வலக்கைக்காரன். அவன் வகிடு வலப்பக்கம், என்னுடையது இடப்பக்கம். படத்தைத் திருப்பினால் நான் அவன்தானே என்று நினைத்தேன். சட்டையை யோசிக்கவே இல்லை.

நீங்கள் எழுதியதைப் படித்ததும் என்னிடமுள்ள பிரதியை மூன்று தடவை ஓட்டினேன். முப்பத்தெட்டு விநாடி. நேராகவே நிற்கிறேன். எங்கேயும் குனியவில்லை. அதற்கப்புறம் ஒன்றுமில்லை, அண்ணி. சத்தியமாக ஒன்றுமில்லை.

அதே கார்டில்தான் எடுத்தேன், அழிந்துபோன படத்தின் மிச்சம் எங்கேயாவது ஒட்டியிருக்கும் என்று தொழில் தெரிந்தவன் என்கிற முறையில் சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் பழைய படத்தில் அவன் எதற்குக் குனிந்து இடுப்பு உயரத்தில் பார்க்க வேண்டும்? அன்றைக்குக் குட்டி பிறக்கவே இல்லையே.

நான் வரலாமா? அவனை நானும் ஒரு தடவை பார்க்க வேண்டும். ஆனால் பயமாக இருக்கிறது. தாடியும் போய்விட்டது. அன்றைக்கு வராந்தாவில் நீங்கள் ஓடிவந்த மாதிரி குட்டி 'அப்பா' என்று ஓடிவந்தால் நான் என்ன செய்வேன்? இன்னொரு தடவை ஒருத்தரை அப்படி ஏமாற்ற என்னால் முடியாது. நீங்கள் வேண்டாம் என்றால் வரவில்லை.

பின்னது

ஏப்ரல் 29

தம்பி,

கிளம்பி வாருங்கள். பதில் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

அந்த நாலு விநாடி அதற்கப்புறம் வரவில்லை. எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். குட்டி மட்டும் கவலைப்படவில்லை. புதுசாகப் படம் வரைந்திருக்கிறாள். காலில் விரல்கூட எண்ணிப் போட்டிருக்கிறாள். இப்போதெல்லாம் முன்னறையில் தனியாகத்தான் விளையாடுகிறாள்.

உங்கள் பயத்துக்கு அவளே பதில் சொல்லிவிட்டாள். நேற்றுத் தலை பின்னும்போது, "அந்தப் படத்துல யாருடி இருந்தா?" என்று சும்மா கேட்டுப் பார்த்தேன்.

"ரெண்டு பேரும்மா" என்றாள். "மொதல்ல ரொம்ப நேரம் நின்னாரே, அவரு என்னைப் பாக்கவே இல்ல. அவரு யாருன்னு எனக்குத் தெரியல. அப்புறம் வந்தவருதான் அப்பா."

அண்ணி